சாடியில் எடுத்து வைத்த மன்னா

விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தில், ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றும் இரண்டு கட்டளைகள் உள்ளன. பாலைநிலத்தில் நாள்தோறும் பொழியும் மன்னாவை மறுநாளுக்கென்று எவரும் எடுத்து வைக்கலாகாது என்பது முதற்கட்டளை. மீறி எடுத்து வைத்தவர்களின் கலங்களில் அது புழுத்து நாற்றமெடுத்தது. ஆனால் அதே அதிகாரத்தின் இறுதிப் பகுதியில், ஒருவருக்கு ஒரு நாளுக்குரிய மன்னாவை ஒரு சாடியில் இட்டு, வருங்காலத் தலைமுறையினர் காணும்படி ஆண்டவர் திருமுன் வைக்குமாறு ஆரோனிடம் மோசே சொல்கிறார். சேர்த்து வைக்கலாகாதது எதுவோ, அதுவே காத்து வைக்கவும்படுகிறது.

இவ்விரு கட்டளைகளையும் ஒருசேர நினைவூட்டும் ஒரு வரலாறு, நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், லண்டன் மாநகரில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது. அது 'இன்கஸ்' என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாறு. முன்னதாக எழுதப்படாத, முன்னதாக ஒத்திகை பார்க்கப்படாத, மறுமுறை அவ்வாறே வாசிக்க இயலாத இசையைத் தட்டில் பதிந்து வெளியிடுவதே அதன் பணி. அதை நடத்தியவர்கள் சமய நோக்கத்தோடு அதை நடத்தவில்லை. அவர்கள்மேல் நம் நம்பிக்கையை ஏற்றிப் பேசுவதும் முறையன்று. ஆயினும் அவர்கள் வாழ்நாள் முழுதும் எதிர்கொண்ட கேள்வி, நமக்கும் உரிய கேள்வியாகும். அந்தந்த வேளையில் தரப்படும் கொடையை நாம் காத்து வைக்க இயலுமா? வைக்கலாமா?

அன்றன்று பிறக்கும் இசை

மனோதர்மம் என்ற சொல் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. இராக ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் பாடகர் மேடையிலேயே அவ்வேளையில் உருவாக்குபவை. எனினும் இராகம் ஒரு வேலியாகவும் தாளம் மற்றொரு வேலியாகவும் நின்று அவரை வழிநடத்துகின்றன. அவ்வேலிகள் அவருக்குத் தடையல்ல. அவர் நிற்கும் நிலமே அவைதாம்.

1960களில் ஐரோப்பியக் கலைஞர் சிலர் இதற்கும் ஒரு படி அப்பால் செல்ல முனைந்தனர். பண் இல்லை, தாளக் கட்டு இல்லை, முன்கூட்டிய ஒப்பந்தமும் இல்லை. ஒருவர் எழுப்பும் ஒலியை மற்றவர் கேட்கிறார். கேட்டதற்கு மறுமொழியாகத் தம் ஒலியைத் தருகிறார். கேட்டலே அங்கு இலக்கணம். இதனைக் கட்டற்ற தன்னெழுச்சி இசை எனலாம். லண்டனில் 'லிட்டில் தியேட்டர் கிளப்' என்ற சிறு அரங்கில் 1966 முதல் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற தாளவாத்தியக் கலைஞரைச் சுற்றி இவ்விசை வளர்ந்தது. கேட்க வந்தவர்களைவிட வாசிப்பவர்கள் மிகுந்திருந்த இரவுகளும் அங்கு அரியன அல்ல.

முதன்முறை கேட்பவர்க்கு இவ்விசை கரடுமுரடாகவே ஒலிக்கும். "இதுவும் இசையா?" என்ற வினா எழுவது இயல்பு. அவ்வினாவை நாம் இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் புனித அகுஸ்தீனார் தம் திருப்பாடல் விளக்கத்தில் ஓரிடத்தில், அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்பவர்களைச் சுட்டிக்காட்டுவதை நினைவுகூர்வோம். அவர்கள் சொற்களோடு பாடத் தொடங்கி, மகிழ்ச்சி மிகும்போது சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியாகவே ஆர்ப்பரிக்கிறார்கள் என்கிறார் அவர். வடிவத்துக்குள் அடங்காத ஒலியும் உள்ளத்தின் மொழியாக இருக்கக் கூடும் என்பதைத் திருச்சபை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது.

ஷெஃபீல்டின் மாடியறை

இன்கஸ் நிறுவனத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் டெரெக் பெய்லி. 1930ஆம் ஆண்டு சனவரி 29 அன்று எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர். கித்தார் வாசிப்பதே அவருக்குப் பிழைப்பு. நடன அரங்குகளிலும் இரவு விடுதிகளிலும் வானொலி நிகழ்ச்சிகளிலும் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர்களுக்குப் பின்னணியிலும் அவர் வாசித்து வந்தார். வருவாய் நிலையானது, கைத்திறனில் எவரும் குறை காண இயலாது. சொல்வதை வாசித்துக் கொடுக்கும் வேலையில் முதிர்ந்தவர் அவர்.

1963இல் டோனி ஆக்ஸ்லி என்ற தாளவாத்தியக் கலைஞரோடும், கேவின் பிரையர்ஸ் என்ற இளம் டபுள் பேஸ் கலைஞரோடும் அவர் சேர்ந்தார். 'ஜோசப் ஹோல்புரூக்' என்று ஓர் ஆங்கில இசையமைப்பாளரின் பெயரையே தங்கள் குழுவுக்கு இட்டுக்கொண்டு, ஷெஃபீல்டில் ஒரு மதுக்கடையின் மாடியறையில் சனிக்கிழமை நண்பகல்தோறும் மூவரும் வாசித்தனர். ஜாஸ் இசையில் தொடங்கிய அவர்கள், படிப்படியாகத் தாளத்தையும் சுரக்கோவையையும் கைவிட்டு, 1966க்குள் முற்றிலும் கட்டற்ற இசைக்கு வந்து சேர்ந்திருந்தனர்.

அம்மூன்றாண்டு உழைப்பிலிருந்து பிற்காலத்தில் இன்கஸ் வெளியிட முடிந்தது எவ்வளவு? 1965ஆம் ஆண்டு ஒத்திகை ஒன்றின் ஏறத்தாழ 10 நிமிடப் பகுதி மட்டுமே. அது குறுந்தட்டாக வெளிவந்தது 1999இல். அவர்கள் கட்டற்ற இசைக்கு முழுமையாக வந்துசேரும் முன்னர் பதிவானது அது. மாடியறையில் நிகழ்ந்த மற்றவை, கேட்ட சிலருடைய செவிகளோடு சென்றுவிட்டன. பெய்லி இதற்காகப் பெரிதும் வருந்தியவராகத் தெரியவில்லை. அன்றைய மன்னா அன்று உண்ணப்பட்டது, அவ்வளவே.

நடுச்செவியின் எலும்பு

மூவரும் லண்டனுக்கும் பிற ஊர்களுக்கும் பிரிந்து சென்றனர். பெய்லியும் ஆக்ஸ்லியும் லண்டனில் எவன் பார்க்கர் என்ற சாக்ஸபோன் கலைஞரோடு இணைந்தனர். பெரிய நிறுவனங்களின் கதவுகள் இவர்களுக்கு முற்றிலும் அடைத்திருந்தன என்று சொல்வதற்கில்லை. 1968இல் ஐலண்ட் நிறுவனம் ஜான் ஸ்டீவன்ஸ் குழுவின் தட்டை வெளியிட்டது. பெய்லியும் பார்க்கரும் அதில் வாசித்தார்கள். 1969இல் சி.பி.எஸ். நிறுவனம் ஆக்ஸ்லியின் தட்டை வெளியிட்டது. 'திருமுழுக்குப் பெற்ற பயணி' என்பது அத்தட்டின் பெயர். ஆனால் பெருநிறுவனத்தின் கதவைத் திறப்பதும் அடைப்பதும் கலைஞரின் கையில் இல்லை. எதைப் பதிவு செய்வது, எத்தனை படிகள் அச்சிடுவது, எப்போது விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்குவது ஆகிய அனைத்தையும் கணக்கேடே முடிவு செய்தது.

இதற்கு மாற்றுவழியை ஐரோப்பியக் கலைஞர்கள் ஏற்கெனவே தேடத் தொடங்கியிருந்தனர். ஆம்ஸ்டர்டாமில் மிஷா மெங்கல்பர்க், ஹான் பென்னிங்க், வில்லம் பிராய்க்கர் ஆகியோர் 1967இல் தங்களுக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். செருமனியில் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான் 1968இல் தம் தட்டைத் தாமே அச்சிட்டு 300 படிகள் வெளியிட்டார். 1969இல் பெர்லினில் கலைஞர்களே கூடி எஃப்.எம்.பி. நிறுவனத்தை எழுப்பினர். பெரிய வயலில் கூலிக்கு உழைப்பதைவிடச் சொந்தமாக ஒரு சிறு பாத்தி போதும் என்ற எண்ணமே இவர்களை உந்தியது.

அவ்வழியிலேயே 1970இல் பெய்லி, பார்க்கர், ஆக்ஸ்லி ஆகிய மூவரும் மைக்கேல் வால்ட்டர்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து இன்கஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். பிரித்தானியாவில் கலைஞர்களே உரிமையாளர்களாக நடத்திய தன்னுரிமை நிறுவனங்களுள் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. பெயரும் பொருத்தமானது. நம் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிறு எலும்புகள் உள்ளன. நடுவிலுள்ள பட்டடை எலும்பின் இலத்தீன் பெயரே இன்கஸ். அது தானாக ஒலி எழுப்புவதில்லை. செவிப்பறையிலிருந்து வரும் அதிர்வை உட்செவியின் பக்கம் கடத்திவிடுகிறது. ஒரு பதிப்பு நிறுவனம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது.

1970 சூலை 13 அன்று பார்க்கர், பெய்லி, பென்னிங்க் மூவரும் வாசித்த இசையே முதல் தட்டாயிற்று. 'நுரையீரல்களின் நில அமைப்பு' என்பது அதன் பெயரின் பொருள். இரண்டாம் தட்டு பெய்லியின் தனிக் கித்தார். அதன் ஒரு பக்கத்தில் அவர் அவ்வேளையில் படைத்த இசை. மறுபக்கத்தில் மெங்கல்பர்க், பிராய்க்கர், பிரையர்ஸ் ஆகிய நண்பர்கள் எழுதிக் கொடுத்த இசை. எழுதிய இசையின்மேல் அவருக்குப் பகை இல்லை என்பதற்கு அதுவே சான்று. 1973இல் தட்டு அச்சிடும் செலவையும் தவிர்த்து, சிறு ஒலிநாடாச் சுருள்களாகவே அவர் தம் இசையை வெளியிட்டார். காலப்போக்கில், கிழக்கு லண்டனின் ஹாக்னிப் பகுதியில் இருந்த அவருடைய வீடே நிறுவனத்தின் அலுவலகம் என்றாகிவிட்டது.

கூடி அப்பம் உண்போர்

1976இல் பெய்லி 'கம்பெனி' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அது நிலையான குழு அன்று. வெவ்வேறு நாட்டினரும் வெவ்வேறு பழக்கத்தினருமான கலைஞர்களைச் சில நாள்களுக்கு ஓரிடத்தில் வரவழைப்பது. முன்பின் சேர்ந்து வாசித்திராதவர்களை ஒரே மேடையில் இருத்துவது. என்ன நிகழ்கிறதோ அதை நிகழவிடுவது. 1977இல் லண்டனில் முதல் 'கம்பெனி வாரம்' நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து ஆன்டனி பிராக்ஸ்டன், லியோ ஸ்மித், ஸ்டீவ் லேசி போன்றோர் வந்திருந்தனர். 1994 வரை லண்டனில் இவ்வாரங்கள் நடந்தன. அவற்றிலிருந்து எடுத்த பதிவுகள் இன்கஸ் தட்டுகளாக வந்தன.

'கம்பெனி' என்னும் சொல்லின் இலத்தீன் வேரை இங்கு நாம் எண்ணிப் பார்க்கலாம். 'கூட' என்று பொருள்படும் சொல்லும் 'அப்பம்' என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது. கூடி அப்பம் உண்பவர்கள் என்பதே அதன் முதற்பொருள். வணிகக் கூட்டு என்ற பொருள் பின்னால் வந்தது. இலாபக் கூட்டாக மாறிவிட்ட ஒரு சொல்லை, பெய்லி அறிந்தோ அறியாமலோ, பந்திக்கே திருப்பிக் கொண்டு வந்தார்.

பதிவு ஒரு வெற்றுப் பாத்திரமா?

ஆனால் இத்தகைய இசையைப் பதிவு செய்வதே தவறு என்று வாதிட்டவர்களும் அவ்வட்டத்திலேயே இருந்தனர். இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்டியூ 1971இல் வெளியான தம் கட்டுரை ஒன்றில், தன்னெழுச்சி இசையின் ஒலிப்பதிவு சாரமற்றது என்று எழுதினார். பதிவு புறவடிவத்தைக் காக்கிறதேயன்றி, அந்த இடத்தையும் வேளையையும் உணர்வையும் காக்க இயலாது என்பது அவர் கருத்து. பெய்லியும் இதில் பெரிதும் மாறுபட்டவர் அல்லர். 1980இல் வெளியான தம் நூலில் தன்னெழுச்சி இசையை உலக அளவில் ஆராய்ந்த அவர், பதிவுகளைப் பற்றி ஐயத்தோடேயே பேசினார். அப்படியிருந்தும் 35 ஆண்டுகள் அந்நிறுவனத்தோடு அவர் உழைத்தார். ஏன்?

அதற்கான விடையின் ஒரு பகுதி நம் ஆலயங்களிலேயே கிடைக்கிறது எனலாம். பெய்லியின் அந்நூல் இந்திய இசையில் தொடங்குகிறது; சித்தார் கலைஞர் வீராம் ஜசானியோடு அவர் உரையாடுகிறார். பின்னர் ஆலய ஆர்கன் இசைக்கும் வருகிறார். அங்கே பேசுபவர்களுள் ஒருவர் ழான் லாங்லே (1907–1991). குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த இவர், பாரிசின் புனித குளோத்தில்டு ஆலயத்தில் 1945 முதல் 1987 வரை ஆர்கன் வாசித்தவர். பிரெஞ்சுக் கத்தோலிக்க ஆலயங்களில், காணிக்கை வேளையிலும் நற்கருணை வேளையிலும் அன்றைய திருவழிபாட்டின் பண்ணை எடுத்து அவ்வேளையிலேயே விரித்து வாசிப்பது இன்றும் உயிரோடுள்ள மரபு. அது எழுதப்படுவதில்லை, திருப்பலி முடிந்ததும் அவ்விசையும் முடிந்துவிடுகிறது.

அதே ஆலயத்தில் லாங்லேக்கு முன்னர் ஆர்கன் வாசித்தவர் சார்ல் தூர்ன்மீர் (1870–1939). 1930, 1931ஆம் ஆண்டுகளில் அவருடைய தன்னெழுச்சி வாசிப்புகள் சிலவற்றை ஓர் இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்தது. அவர் மறைந்த பின்னர், அவருடைய மாணவராயிருந்த மொரிஸ் துருஃப்ளே அத்தட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டு, ஐந்து வாசிப்புகளைச் சுரம் சுரமாக எழுதி எடுத்தார். 1958இல் அவை நூலாயின. இன்று உலகெங்கும் ஆர்கன் கலைஞர்கள் அவற்றை வாசிக்கிறார்கள். தூர்ன்மீர் ஆலயத்தில் வாசித்த எண்ணற்ற ஞாயிறுகள் காற்றோடு கலந்துவிட்டன. சாடியில் இருந்த ஐந்து மட்டும், அப்படி ஒரு கொடை பொழிந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றன.

ஷெஃபீல்டு மாடியறையின் மூன்றாமவரான கேவின் பிரையர்ஸ் வேறொரு வழியில் இவ்விடத்துக்கே வந்து சேர்ந்தார். தன்னெழுச்சி இசையில் படைப்பவரையும் படைப்பையும் பிரித்துக் காண இயலவில்லை என்று மனம் கசந்து, 1966இல் அவர் அதை விட்டு விலகினார். 1971இல் லண்டனின் வீடற்ற மக்களைப் பற்றிய ஒரு படத்துக்காக நண்பர் எடுத்த ஒலிப்பதிவுகளில், பயன்படுத்தப்படாத ஒரு துண்டு அவர் கைக்கு வந்தது. தெருவில் வாழ்ந்த ஒரு முதியவர், இயேசுவின் இரத்தத்தை நம்பி, துணை இசை ஏதுமின்றி, சில அடிகள் மட்டும் பாடியிருந்தார். பிரையர்ஸ் அதனை மீண்டும் மீண்டும் ஒலிக்கும் நாடாவாக்கி, பக்கத்து அறையின் கதவு திறந்திருக்க அப்படியே ஓடவிட்டுச் சற்றே வெளியே சென்றார். திரும்பி வந்தபோது அங்கிருந்தவர்கள் அசாதாரணமான அமைதியில் இருந்தனர். ஒருவர் தனியே அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். அக்குரலைச் சுற்றி அவர் எழுதிய இசை உலகப் புகழ் பெற்றது. முதியவரோ அதைக் கேட்கும் முன்னரே இறந்துவிட்டார். யாரும் காக்க நினையாத ஒரு நொடி, தற்செயலாகச் சாடிக்குள் விழுந்து, பல்லாயிரவர்க்கு ஆறுதலாயிற்று.

பிரிவும், தளர்ந்த கையும்

இன்கஸின் வரலாற்றை மாசற்ற வெற்றி வரலாறாகச் சொல்வது உண்மைக்கு ஒவ்வாது. தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் ஆக்ஸ்லி விலகினார். 1980களின் நடுப்பகுதியில் பெய்லிக்கும் பார்க்கருக்கும் இடையே பிணக்கு முற்றி, பார்க்கரும் வெளியேறினார். மேடையில் ஒருவரை ஒருவர் அத்துணை நுட்பமாகக் கேட்டவர்கள், மேடைக்கு வெளியே அவ்வாறு கேட்க இயலாமற்போயினர். முதல் தட்டு நெடுங்காலம் மறு அச்சுக் காணாமல் கிடந்தது. அதன்பின் பெய்லியும் அவருடைய துணைவியார் கேரன் புரூக்மனும் நிறுவனத்தை நடத்தினர்.

2000க்குப் பின் பெய்லி சில ஆண்டுகள் பார்சிலோனாவில் வாழ்ந்தார். அங்கே அவருடைய வலக்கை தளர்ந்தது. கித்தார் நரம்பை மீட்டும் சிறு வில்லையை விரல்களால் பற்றிக்கொள்ள முடியவில்லை. மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்றே முதலில் கருதப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு அவர் உடன்படவில்லை. வில்லை இல்லாமல் கட்டைவிரலால் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவ்வாறு கற்ற வாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்து, 2005இல் நியூயார்க்கின் மற்றொரு சிறு நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். மூன்று வாரங்களுக்குப் பின், ஐந்து வாரங்களுக்குப் பின் என்று அப்பகுதிகளின் பெயர்களே நோயின் நாட்குறிப்பாக அமைந்தன. உண்மையில் அவரைப் பற்றியிருந்தது இயக்க நரம்பணு நோய். 75ஆம் வயதில், 2005 திசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளில், லண்டனில் அவர் மறைந்தார்.

ஒரு கலைஞர் தம் கையின் தளர்ச்சியை மறைக்காமல், அதையே தமக்கு அன்று தரப்பட்டதாக ஏற்று, அதிலிருந்து இசை தேடியது நம் நெஞ்சைத் தொடுகிறது. கடந்த ஆண்டுக் கையை அவர் கேட்கவில்லை. இன்றைய கையை வைத்து இன்று என்ன செய்யலாம் என்று பார்த்தார்.

மறு ஆண்டு, 2006இல், எவன் பார்க்கர் தம் சொந்த நிறுவனத்தின் வழியாக அந்த முதல் தட்டை மறுபடி வெளியிட்டார். 1970இன் அந்தச் சூலை நாளில் மூவரும் ஒருவரை ஒருவர் எவ்வாறு கேட்டனர் என்பது அதில் அப்படியே இருக்கிறது. பிணக்கு அதைத் தொடவில்லை. நேரில் ஒப்புரவாகாத நட்பையும் ஒரு பதிவு இவ்வாறு காத்து நின்றது.

சாடியும் கிடங்கும்

இப்போது தொடக்கத்துக் கேள்விக்குத் திரும்புவோம். மன்னாவைக் கிடங்கில் சேர்ப்பதற்கும் சாடியில் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. கிடங்கில் சேர்ப்பவர் நாளைய கொடையின்மேல் நம்பிக்கையற்றவர். பழையதைக் கொண்டே வாழ நினைப்பவர். சாடியில் வைப்பவரோ அதை உண்பதற்காக வைப்பதில்லை. "அன்று பொழிந்தது, ஆகவே இன்றும் பொழியும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக வைக்கிறார். ஒரு தட்டு முடிந்ததும் பெய்லி அடுத்த நாள் புதியவர் ஒருவரோடு புதிதாக வாசிக்கச் சென்றார். பழைய தட்டைப் போல வாசிக்க அவர் ஒருபோதும் முயலவில்லை. பதிவுகளை ஐயுற்றவர் பதிவு நிறுவனத்தை நடத்தியதில் முரண் ஏதுமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர் வைத்திருந்தது சாடி, கிடங்கு அன்று.

நம்மில் பலருடைய கைப்பேசிகளில், மறைந்த தாயின் அல்லது தந்தையின் குரல் ஒன்று, வேறெதற்காகவோ பதிந்தது, இன்னும் இருக்கக் கூடும். அதை அழிக்கவும் மனம் வராது. நாள்தோறும் கேட்கவும் மனம் தாங்காது. அதைக் குற்றமென்று எண்ண வேண்டாம். அது நம் சாடி. அன்பு ஒரு காலத்தில் நம்மீது பொழிந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அக்குரலை மட்டுமே கேட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் இன்று நம்மை அழைக்கும் குரலுக்குச் செவி கொடாதிருப்போமாயின், சாடியைக் கிடங்காக்கிவிடுவோம்.

அன்றாட உணவை அன்றன்று கேட்கவே ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். நேற்றுச் செபித்தோம் என்பது இன்றைய செபத்துக்கு ஈடாகாது. நேற்று மன்னித்தோம் என்பதும் இன்றைய மன்னிப்புக்கு ஈடாகாது. திருமுன் வைத்த சாடியைக் கண்டு நம்பிக்கை பெறுவோம். பின்னர் வெறுங்கலத்தோடு, விடியற்காலையில், எல்லாரோடும் சேர்ந்து வெளியே செல்வோம்.